புன்னைக்காயலிலிருந்து கொற்கைக்கு: பழைய கடற்கரையைத் தேடிப் பின்னோக்கி நடக்கும் முறை

கொற்கைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வன்னி மரத்தையும் குளத்துக்குள் இருக்கும் செழியநங்கை அம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு, "கடல் எங்கேய்யா இருக்கு?" என்று யாரையாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. இடையில் வாழைத்தோட்டமும் வயலும் உப்பளமும்தான். துறைமுகம் இருந்த ஊரில் நின்றுகொண்டு துறைமுகத்தைத் தேடினால் ஒன்றும் தட்டுப்படாது. இன்றைய முகத்துவாரத்தில் தொடங்கி மேற்கே நடக்க வேண்டும். இன்று ஆறும் கடலும் சேரும் இடத்தில் எந்த மண், எந்தச் சிப்பி ஓடு, எந்தச் செடி இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகிய பிறகுதான், உள்நாட்டில் ஒரு கிணற்றுச் சுவரில் அதே மண்ணும் ஓடும் தெரியும்போது அடையாளம் காண முடியும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள்.

கரை ஏன் நகர்ந்தது

பொதிகையில் பிறந்து சுமார் 128 கி.மீ. ஓடும் தாமிரபரணி, கொண்டுவந்த வண்டலை முகத்தில் கொட்டிக்கொண்டே வந்தது. அலை அதை மணல் திட்டாக இழுத்தது. திட்டுக்குப் பின்னால் உப்பங்கழி உண்டானது, கழி தூர்ந்து சேறானது, சேறு வயலானது. ஆறு தூர்த்த துறையை விட்டுக் கப்பல்கள் கிழக்கே நகர்ந்தன, ஊரும் அவற்றின் பின்னால் போனது.

துறைகளின் வரிசை ஏறத்தாழ இதுதான். கிபி முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டின் கொல்கியில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் அந்த ஊரைக் குறிக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ பேசுவது காயல் என்ற துறைமுகத்தைப் பற்றி. மேற்கே ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நின்றன. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் நடமாட்டம் புன்னைக்காயலில். 1658-இல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த காலத்தில் அந்த ஊரே முத்துக்குளித்துறையின் தலைமை. கொல்கி என்பது கொற்கை, போலோவின் காயல் பழையகாயல் என்று இடம் பார்த்துச் சொன்னவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். காயல் காயல்பட்டினம்தான் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நம் வேலைக்கு இரண்டு ஊரும் ஒரே கழிமுகத்தின் இரண்டு ஓரங்கள்.

எப்போது போவது

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து வயல் காலியான பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடுவரை நல்ல காலம். வயலில் நீர் நிற்காது, வாய்க்காலின் கரை தெரியும், கடலும் அடங்கியிருக்கும். ஜூன் முதல் கச்சான் எனும் மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். குறிப்பேட்டைத் திறக்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் முகத்துவார மணல் திட்டுகளின் வடிவம் மாறிவிடும். அதனால் முகத்துவாரத்தைப் பற்றி எதை எழுதினாலும் தேதி போட்டு எழுதுங்கள். தேதி இல்லாத குறிப்பு அடுத்த ஆண்டே பயனற்றுப் போகும்.

நாளைப் பார்த்ததும் வற்றத்தையும், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தையும், பாருங்கள். மன்னார் வளைகுடாவில் ஏற்ற வற்ற வேறுபாடு மிகக் குறைவு, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத் கடலைப் போலக் கிலோமீட்டர் கணக்கில் தரை வெளிப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வற்றம் அதிகம். ஒரு நாளில் இரண்டு வற்றம் வரும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். தூத்துக்குடிக்கான நேரக் கணிப்பை இந்திய நில அளவைத் துறையும் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனமும் வெளியிடுகின்றன. கணிப்பு நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகக் கரையில் இருங்கள். நீர் திரும்பியதும் வேலையை நிறுத்திவிடுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

முக்கால் அங்குல பிவிசி குழாயையும் நான்கு எல்போவையும் சேர்த்து உள்ளளவு 50 செ.மீ. வரும் சதுரச் சட்டம் ஒன்று. 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், தோட்டக் கரண்டி, ரவை சல்லடை, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், 10 செ.மீ. அளவுகோல் அட்டை, பென்சில், கெட்டி அட்டைக் குறிப்பேடு. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறும். சிறு குப்பியில் வினிகர். செல்பேசியில் இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடம்.

உப்பு அளக்க ஒரு கருவி தேவை. குடிநீருக்கு விற்கும் மலிவான டிடிஎஸ் மீட்டர் கடல்நீரில் எல்லை தாண்டிப் பிழை காட்டும், அதை நம்ப வேண்டாம். ஆயிரத்துக்கு 0 முதல் 100 வரை காட்டும் கை ரெஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வாலைவடி நீர் ஒரு துளி விட்டு சுழியத்தில் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். திறந்த கடல் 35-ஐ ஒட்டிக் காட்டும். அது இல்லையென்றால் உப்பளத்தில் நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே ஹைட்ரோமீட்டர் போதும். அதில் கடல்நீர் 3 அல்லது 3½ டிகிரி, உப்பு படியத் தொடங்குவது 25 டிகிரி.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

பாதி ஆராய்ச்சி இங்கேயே நடக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைத் திறந்து, ஏரல் முதல் கடல் வரை ஒரு சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு வகைக் கோடுகளைத் தேட வேண்டும். ஒன்று, இன்றைய கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடும் வெளிறிய பட்டைகள். இவை பழைய அலை குவித்த மணல் திட்டுகளாக இருக்கலாம். இன்னொன்று, வயல் வரப்புகளை மதிக்காமல் பாம்பாக வளைந்து போகும் கரும்பட்டைகள். இவை ஆறு கைவிட்ட தடங்கள். மழை ஓய்ந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்துப் படத்தில் மேட்டு மணல் காய்ந்து, பழைய தடத்தின் களி மட்டும் ஈரம் பிடித்திருக்கும். அப்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

களத்தில் இதற்கு ஒரு எளிய துணை உண்டு. மணல் மேட்டில் பனை நிற்கும், தாழ்ந்த களியில் வாழையும் நெல்லும் நிற்கும். சாலை ஏறி இறங்குவதே தெரியாத தட்டை நிலத்தில் வரிசையாகப் பனை நின்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரப்பில் மனிதர் வைத்த பனையும் வரிசையாகத்தான் நிற்கும் என்பதால், இதை மட்டும் சான்றாக எடுக்க முடியாது.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது உயரக் கணக்கில். செல்பேசி காட்டும் உயரம் பத்து மீட்டர்கூடத் தவறும், இந்தக் கழிமுகச் சமவெளியின் ஏற்ற இறக்கமோ சில மீட்டர்தான். இணைய வரைபடத்தில் கிடைக்கும் உயரத் தரவும் பெரும்பாலும் ரேடாரால் எடுத்தது. அது பனையின் உச்சியையும் வாழை இலையையும் தரையோடு சேர்த்து அளந்திருக்கும். "கொற்கை கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்" என்று அந்த எண்ணை எடுத்து எழுதிவிடாதீர்கள். வாய்க்கால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

முதல் நாள்: புன்னைக்காயல் முகத்துவாரம்

ஆத்தூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில் புன்னைக்காயல் போகலாம். ஊருக்குள் நுழைந்ததும் கரையில் வலை பின்னுகிற பெரியவர்கள் யாரிடமாவது, "அண்ணாச்சி, இன்னிக்கு வத்தம் எப்ப? எந்தப் பக்கம் இறங்கலாம்?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். முகத்துவார மணல் திட்டின் ஓரம் உள்ளுக்குள் அரித்திருக்கும், மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் காலடியில் சரியும். வற்றத்தில் ஆறும் கழியும் சேர்ந்து கடலுக்கு இழுக்கும் நேரத்தில் வாய்க்குக் குறுக்கே நடந்து கடக்கவே கூடாது, முழங்கால் ஆழமாக இருந்தாலும். அக்கரை போக வேண்டுமானால் வள்ளத்தில் போங்கள். கலங்கிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசித் தள்ளியபடி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்து, அதோடு மருத்துவமனைக்கும் போக வேண்டும். கூம்பு வடிவச் சங்குகளை உயிரோடு கையில் எடுக்காதீர்கள், சிலவற்றின் விஷம் ஆளைக் கொல்லும். கடலோரக் காவல் உதவி எண் 1093.

வேலை இதுதான். நான்கு வகை இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: அலை அடிக்கும் வெளிக்கரை, முகத்துவாரத்தின் உட்புற மணல், அலையாத்தி நிற்கும் சேறு, உப்பள ஓரத்து உமரிச்செடித் தரை. ஒவ்வொன்றிலும் நீர்விளிம்பிலிருந்து மேலே டேப்பை நீட்டி, 5 மீட்டருக்கு ஒரு முறை சட்டத்தை வையுங்கள். முதலில் மேலிருந்து ஒரு படம். பிறகு 10 செ.மீ. ஆழம் தோண்டிச் சல்லடையில் அலசி, உயிருள்ளதையும் வெற்று ஓட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணியதும் திரும்பக் கொட்டி மூடுங்கள். ஓர் இடத்துக்குப் பத்துச் சட்டம் போதும்.

காணப்போவது பெரும்பாலும் இப்படி இருக்கும். வெளிக்கரையில் ஆப்பு வடிவச் சின்ன மட்டிகள், அதாவது டோனாக்ஸ் இனம். அலை வாங்கும்போது மணலுக்குள் விரைந்து புதைபவை. கூடவே சட்டைப் பொத்தான் அளவில் வழுவழுப்பான அம்போனியம் நத்தை ஓடுகள். முகத்துவாரத்துக்குள் நுழைந்ததும் இவை குறைந்து, தடித்த முக்கோண மட்டி (மெரிட்ரிக்ஸ் காஸ்டா) கூடும். நன்னீரும் உப்பும் கலக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். அலையாத்திச் சேற்றில் கூம்பி நீண்ட சுருள் நத்தைகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். வேரிலும் கல்லிலும் ஆளிச் சிப்பி ஒட்டியிருக்கும். இந்தப் பாகுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பயணத்தின் கடினமான பகுதி முடிந்தது. உறுதியில்லாத ஓட்டைப் படம் எடுத்து, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்திலோ கேட்கலாம்.

உயிருள்ள எதையும் கொண்டுபோகாதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில சங்கு வகைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரையொதுங்கிய பவளத் துண்டை எடுத்துப் பையில் போட்டாலும் வழக்குத்தான்.

உப்பை அளக்கும்போது மேல்நீரை மட்டும் மொண்டு அளந்தால் ஏமாறுவீர்கள். கனமான உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் போகும். கழுத்தில் கல் கட்டிய பாட்டிலின் தக்கையில் தனிக் கயிறு கட்டி, அடியில் இறக்கி, தக்கையை உருவி எடுத்தால் அடிநீர் கிடைக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கோடையில் ஆற்றில் ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே இன்று உப்பு ஏறும் தூரம் பாண்டியர் காலத்து ஆற்றுக்குப் பொருந்தாது. அணைக்கட்டு இல்லாத ஆறு நன்னீரைக் கடல்வரை தள்ளியிருக்கும். ஓடுகளின் பாகுபாடு பழைய காலத்துக்கும் உதவும், உப்பளவு எண் உதவாது.

இரண்டாம் நாள்: பழையகாயலும் இடைப்பட்ட கிணறுகளும்

தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில், சிர்கோனியம் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையகாயல். சுற்றிலும் உப்பளம். கால்டுவெல் இந்தச் சமவெளியில் உடைந்த கூரை ஓடுகளோடு சீனப் பீங்கானும் அரபு நாட்டுப் பானைச் சில்லும் சிதறிக் கிடந்ததை எழுதியிருக்கிறார். இன்றும் பாத்தி வெட்டிய மண்ணில் சில்லு தென்படலாம். அளவுகோல் அட்டை வைத்துப் படம் எடுங்கள், இருப்பிடப் புள்ளியைக் குறியுங்கள், சில்லை அங்கேயே விடுங்கள். உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். புதையலாகக் கருதத்தக்க எதுவும் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878 முதல் இருக்கும் சட்டம். பச்சைப் பளபளப்புள்ள எல்லாமே பழஞ்சீனப் பீங்கான் இல்லை, ஊறுகாய் ஜாடியும் அப்படித்தான் மின்னும். உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பாருங்கள். படத்தில் விளிம்பும் அடிப்பாகமும் இல்லையென்றால் வல்லுநரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உண்மையான சான்று மண்ணுக்கு அடியில்தான். அதற்காக நீங்கள் தோண்ட வேண்டியதில்லை, ஊரார் ஏற்கெனவே தோண்டியிருக்கிறார்கள். பழைய உறைகிணறு, புதிதாக வெட்டும் பண்ணைக்குட்டை, பாலத்துக்கு எடுத்த அடிமானக் குழி எல்லாமே திறந்த புத்தகம். நிலக்காரரிடம் அனுமதி கேட்டு, குழிக்குள் இறங்காமல் மேலிருந்தே பாருங்கள். மணற்சுவர் எச்சரிக்கையில்லாமல் சரியும்.

டேப்பைத் தரைமட்டத்திலிருந்து இறக்குங்கள். கிணற்றுத் தொட்டிச் சுவரின் விளிம்பிலிருந்து அளந்தால் அதன் உயரத்தைக் கழிக்க வேண்டும். இந்த ஒரு கழித்தலை மறந்து இரண்டு கிணறுகளை ஒப்பிட்டால் இல்லாத சரிவு தோன்றிவிடும். அடுக்கு மாறும் ஒவ்வோர் ஆழத்தையும் எழுதி, நிறம், மண், ஓடு, வாசனை நான்கையும் குறியுங்கள். மண் வகை தெரிய நனைத்து உருட்டிப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல், உருண்டு வளைக்கும்போது முறிந்தால் வண்டல், மோதிரமாக வளைந்தால் களி. அழுகிய முட்டை வாடையோடு கருங்களி வந்தால் அது காற்றுப் புகாத சேறாக இருந்தது என்று பொருள். சாக்கடை பக்கத்தில் இருந்தாலும் இதே வாடை வரும் என்பதால் சுற்றிலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இனி ஓடுகள். நேற்றுப் பார்த்த மட்டியின் இரண்டு மூடிகளும் சேர்ந்தபடி, நின்ற வாக்கில் களிக்குள் இருந்தால் அது அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது. அந்த ஆழத்தில் ஒரு காலத்தில் கழி இருந்தது என்று துணிந்து எழுதலாம். ஒற்றை மூடிகள் தேய்ந்து, ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் வெள்ளமோ அலையோ கொண்டுவந்தது. மேல் ஓரடிக்குள் இருக்கும் ஓட்டை ஒரு சான்றாகவே எடுக்காதீர்கள். சுண்ணாம்பு சுட வண்டி வண்டியாகக் கிளிஞ்சல் ஏற்றிப் போன நாடு இது. குளத்துக் கரம்பையை வயலில் கொட்டியதும் உண்டு. வெள்ளைக் கட்டி ஓடா கல்லா என்று ஐயம் வந்தால் சிலர் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். சுக்கான் கல்லும் நுரைக்கும்! நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதோடு சரி. ஓடு என்று உறுதி செய்ய லென்ஸில் வளர்ச்சிக் கோடு தெரிய வேண்டும்.

மூன்றாம் நாள்: கொற்கை

ஆற்றுக்கு வடக்கே இருக்கும் கொற்கைக்கு ஏரல் வழியாக வரலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69-இல் இங்கே அகழ்ந்தபோது செங்கல் கட்டுமானமும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சுடுமண் உறைகளும் கிடைத்தன. கரித்துண்டு ஒன்று கிமு 785-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. 2021-இல் மறுபடியும் அகழாய்வு நடந்தது.

இங்கே கண்ணில் படக்கூடியது சங்கு. சங்கைக் கண்டதும் "இதோ கடற்கரை" என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. சங்குப்பூச்சி வாழ்வது பல மீட்டர் ஆழத்து மணல் தரையில், கழியில் இல்லை. முத்துச்சிப்பி வாழும் பார்களோ (கடலடிப் பாறைத் திட்டுகள்) கரையிலிருந்து பத்து கி.மீ.க்கும் அப்பால். கொற்கை மண்ணில் சங்கு கிடந்தால் பெரும்பாலும் ஆள் கொண்டுவந்து போட்டது. அது கரையின் சான்றாகாது, தொழிலின் சான்று. வளையல் அறுத்த கழிவு என்று உறுதி செய்ய மூன்றைப் பாருங்கள்: வாள் போன நேரான, வழுவழுப்பான வெட்டுமுகம், உடைத்து எடுத்த நடுத்தண்டு, ஒரே அகலத்தில் அறுந்த வளையத் துண்டு. அலையில் உடைந்த சங்கின் விளிம்பு கோணலாகவும் மழுங்கியும் இருக்கும். வலம்புரி கிடைத்தது என்று யாராவது காட்டினால் ஒரு குறிப்பு: நாம் இடம்புரி என்கிற சாதாரணச் சங்கை விலங்கியலார் வலச்சுழி என்பார்கள். ஆங்கிலப் பட்டியலோடு ஒப்பிடும்போது பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கொற்கையில் கரையைத் தேட வேண்டிய இடம் ஊர் மேடு அல்ல, அதைச் சுற்றிய தாழ்வு. ஊருக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள கிணறுகளில் நேற்றைய முறையையே திரும்பச் செய்யுங்கள். கழி மட்டியும் சுருள் நத்தையும் கொண்ட களி வந்தால், கொற்கை திறந்த கடலைப் பார்த்த ஊரா, கழிக்குள் பதுங்கிய துறையா என்ற கேள்விக்கு விடை நெருங்கும். டோனாக்ஸ் நிறைந்த மணல் வந்தால் நிலைமை வேறு.

கணக்கு

எல்லாக் கிணறுகளையும் கிழக்கு மேற்காக ஒரு வரைதாளில் குத்துக்கோடுகளாக வரையுங்கள். குறுக்கே 1 செ.மீ. = 500 மீட்டர், நெடுக்கே 1 செ.மீ. = 1 மீட்டர். கழிக்களி தொடங்கும் ஆழங்களை இணைத்தால் பழைய கழியின் பரப்பு உருவாகும். ஒரு கிணற்றில் மட்டும் கோடு திடீரென எகிறினால், தொட்டிச் சுவர் உயரத்தைக் கழித்தீர்களா என்று முதலில் பாருங்கள். கழித்தும் எகிறினால் அது மணல் திட்டாகவோ பழைய ஆற்றுத் தடமாகவோ இருக்கலாம். வீட்டில் வரைந்த கோடுகளோடு ஒத்துப்பாருங்கள்.

ஆறேழு கிலோமீட்டரை இரண்டாயிரம் ஆண்டால் வகுத்து "ஆண்டுக்கு மூன்று மீட்டர்" என்று எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள். ஆறு சீராகக் கரை வளர்ப்பதில்லை. ஒரு வெள்ளத்தில் தடம் மாறும், பிறகு பல தலைமுறைக்குச் சும்மா இருக்கும்.

ஒட்டிய மூடிகளோடு கழி மட்டி கிடைத்த அடுக்கு ஏதாவது இருந்தால், அதன் படம், ஆழம், புள்ளி, தேதி நான்கையும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ அனுப்புங்கள். ஓட்டை நீங்கள் பிடுங்கி அனுப்பினால் அடுக்கின் தொடர்பு அறுந்துவிடும். கடல் ஓட்டைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினால் உண்மையைவிடச் சுமார் நானூறு ஆண்டு பழையதாகக் காட்டும், ஏனெனில் கடல்நீரில் கரைந்துள்ள கரிமமே பழையது. கழி ஓட்டில் ஆற்றுநீரும் கலந்திருப்பதால் இந்தத் திருத்தம் இடத்துக்கு இடம் மாறும். அதே அடுக்கில் கரித்துண்டோ விதையோ தெரிந்தால் அது எந்த ஆழத்தில், ஓட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கடிதத்தில் தனி வரியாக எழுதுங்கள்.